முடிச்சும் சுருக்கும்

மதுரை என்றவுடன் பொற்கிழி நினைவுக்கு வராத தமிழாசிரியர் இரார். பாண்டிய மன்னனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கென்று சங்க மண்டபத்தில் தொங்கவிடப்பட்ட அந்தக் கிழியின் கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. வகுப்பில் அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் பொன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை பொன் இருந்திருக்கும், இன்றைய விலையில் அது எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். கிழியைப் பற்றிக் கேட்டவர் ஒருவருமில்லை. கிழி என்பது கிழிக்கப்பட்ட துணி. ஒரு துண்டுத் துணியின் நடுவே பொன்னை வைத்து, நான்கு முனைகளையும் கூட்டிக் கட்டினால் அது பொற்கிழி. முடிச்சுப் போட்டுக் கட்டப்படுவதால் முடிப்பு என்றும் பெயர் பெற்றது. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, வாயின் ஓரத்தை மடித்துத் தைத்து, மடிப்புக்குள் ஒரு கயிற்றைக் கோத்துவிட்டால் அதுவே சுருக்குப்பை ஆகிவிடுகிறது. பொற்கிழிக்கும் நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மடிப்புத் தையல்தான்.

அரபு மொழியிலும் இந்த உறவைக் காணலாம். இறுகக் கட்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த ‘சுர்ரா’ என்ற சொல் பணமுடிப்பைக் குறிக்கும். உதுமானியப் பேரரசின் சுல்தான்கள் ஆண்டுதோறும் மக்காவுக்கும் மதீனாவுக்கும் பணமுடிப்புகளை அனுப்பி வந்தார்கள். அவற்றைக் கொண்டு சென்ற ஊர்வலத்துக்கே ‘சுர்ரா’ ஊர்வலம் என்று பெயர். பையைக் குறிக்க ‘கீஸ்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதே மூன்று எழுத்துக்களால் ஆன ‘கய்யிஸ்’ என்னும் சொல்லுக்கு விவேகமுள்ளவன் என்று பொருள். தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்பவனே விவேகமுள்ளவன் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய கருத்து திர்மிதியில் பதிவாகியுள்ளது. பைக்கும் விவேகத்துக்கும் எழுத்து ஒன்றாக அமைந்ததன் காரணத்தை மொழியறிஞர்கள் ஆராயட்டும். அவ்விரண்டும் ஓரிடத்தில் கூடியிருக்க நான் கண்ணாரக் கண்டதுண்டு. அது என் தாயாரின் இடுப்பில்.

அம்மா எழுதப் படிக்க அறியாதவர். குர்ஆனைப் பார்த்து ஓதுவார். தமிழ் எழுத்து தெரியாது. அத்தாவின் பழைய கைலியில் கிழியாத பகுதியை வெட்டித் தம் கையாலேயே தைத்த சுருக்குப்பை ஒன்று வைத்திருந்தார். உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி. மற்றொன்றில் பணம். 1998-ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர், அடக்கம் முடிந்து வந்து, உடன்பிறந்தோர் கூடியிருக்க அந்தப் பையை நான்தான் திறந்தேன். சில்லறைகளும் சில தாள்களும் கட்டின்றிக் கிடந்தன. அவற்றோடு மூன்று சிறு துணி முடிச்சுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிற நூலால் கட்டப்பட்டிருந்தது. வீட்டில் வளர்ந்த எங்கள் தமக்கைக்கு அந்த நிறங்களின் பொருள் தெரியும். மஞ்சள் நூல் கட்டியது பால்காரப் பெண்மணிக்குக் கொடுக்க வேண்டிய அம்மாதத்துப் பாக்கி. சிவப்பு நூல் கட்டியது பக்கத்து வீட்டார் தம் மகளின் செலவுக்கென்று சேர்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்த அமானிதம். வெள்ளை நூல் கட்டியது அவருடைய சொந்தக் கஃபன் துணிக்கானது. எண்ணிப் பார்த்தோம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எழுத்தறியாத ஒரு பெண் மூன்று நிற நூல்களால் எழுதி வைத்த கணக்கு அது.

பின்னர் பல நாள் எண்ணிப் பார்த்தபோதுதான் அதில் இருந்த ஒழுங்கு எனக்கு விளங்கிற்று. பிறருக்குச் சேர வேண்டியவை அனைத்தும் முடிச்சுக்குள் இருந்தன. தமக்குரிய பணம் மட்டும் பையின் சுருக்குக்குள் சும்மா கிடந்தது. வாசலில் ஒரு பக்கிரி வந்து நின்றால் ஒரு விரலால் நாடாவைத் தளர்த்தி எடுத்துக் கொடுப்பதற்கு ஏற்ற இடம் அதுவே. முடிச்சை அவிழ்க்க நகமும் நேரமும் வேண்டும்; சுருக்கைத் திறக்க ஒரு விரல் போதும்.

இந்தச் சிந்தனையைப் பேச இப்போது காரணம் இருக்கிறது. எங்கள் கே.கே. நகருக்கு அருகே வண்டியூர்க் கண்மாய் பரந்து கிடக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அதன் கரையோரமாக நடந்து சென்றால், தண்ணீருக்கு முன்பாக நம் கண்ணில் படுவது பிளாஸ்டிக் பைகள்தாம். முள்மரக் கிளைகளில் வெள்ளையும் கறுப்புமாகத் தொங்குகின்றன. தமிழ்நாடு அரசு 1-1-2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதித்தது. தூக்குப் பைகள் எந்தத் தடிப்புடையவையாயினும் அத்தடைக்குள் அடங்கும். 2021 டிசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. பத்து ரூபாய் செலுத்தினால் துணிப்பை தரும் இயந்திரங்களும் பின்னர் வந்தன. சட்டம் வந்தது, இயந்திரமும் வந்தது. கண்மாயில் பை குறைந்ததா என்பதைக் கரையில் நடப்பவர்களே சொல்லட்டும்.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. துணிபோலவே தோன்றும் ஒருவகைப் பை கடைகளில் தரப்படுகிறது. தொட்டால் மெத்தென்றிருக்கும், வண்ண வண்ணமாகக் கிடைக்கும். அது துணியன்று. பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டால் ஒட்டவைத்துச் செய்த தாள். நெய்யப்படாத அந்தப் பையும் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இடம்பெற்றதே. அடையாளம் காண்பது எளிது. ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பாருங்கள். நெய்த துணியென்றால் நூல் நீளமாக வரும். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அதில் நூல் வராது, பிய்ந்துதான் வரும்.

அப்படியானால் அசல் துணிப்பைகளை வாங்கிக் குவித்தால் போதுமா? அதுவும் போதாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து ஒரு புதிய பையாக்குவதற்கு ஆகும் பொருளையும் ஆற்றலையும் கணக்கிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாவதற்கே அந்தப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று அது கண்டது. கண்மாயை அடைக்கும் கேடு அந்த அளவுகோலில் வாராது என்பது மெய்யே. ஆயினும் அந்த எண்ணை நாம் புறக்கணிக்கலாகாது. நிக்காஹ் வீடுகளில் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தாம்பூலத்துடன் தரும் துணிப்பைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருபது முப்பது சேர்ந்து கிடக்கின்றன. அவற்றுள் எத்தனை பைகள் இரண்டாம் முறை கடைத்தெருவைக் கண்டிருக்கும்?

ஆதலின், நல்ல பை என்பது புதுத் துணியில் பிறப்பதைவிடப் பழைய துணியில் பிறப்பதே சிறப்பு. பருத்தி முன்பே விளைந்துவிட்டது. துணி முன்பே உடுத்தப்பட்டுவிட்டது. கைலியாகவோ சுங்குடிச் சேலையாகவோ தன் கடமையை முடித்துவிட்ட துணிக்கு இரண்டாம் வாழ்வு தருவதற்குப் புதிதாக வேண்டுவது ஓர் ஊசியும் சில முழம் நூலும்தான். நூலுக்கோ மதுரையில் பஞ்சமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நிறுவிய நூற்பாலை, 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் என்னும் பெயரால் தையல் நூலுக்கே புகழ்பெற்றது.

பள்ளிவாசலை ஒட்டிய எங்கள் மாலை மக்தபில் ஓதும் பிள்ளைகள் யஸ்ஸர்னல் குர்ஆனையும் தப்பையும் பிளாஸ்டிக் பைகளில் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கைப்பிடி அறுந்து, மழையில் நனைந்து, ஒருவர் பை மற்றவரிடம் மாறி, நாள்தோறும் வழக்கு என்னிடம் வரும். ஒருநாள் வெள்ளிக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளை வரவழைத்து, வீட்டிலிருந்து ஒரு பழைய துணியும் ஓர் ஊசியும் கொண்டுவரச் சொன்னேன். பெண்பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். “ஹஜ்ரத், தைக்கிறது பொம்பளைங்க வேலைதானே?” என்றான் ஒரு துணிச்சல்காரன்.

அவனுடைய கேள்வியில் வியப்பில்லை. நம் சமுதாயத்தின் விசித்திரம் அது. கூலிக்குத் தைத்தால் ஆணின் தொழில். வீட்டுக்குத் தைத்தால் பெண்ணின் வேலை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரங்களைப் போட்டு நெடுங்காலம் தொழில் செய்தவர்கள் ஆண்களே. அவர்களுள் நம்மவர்களும் இருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்ட பக்தர்கள் அணியும் உடைகளைத் தைத்துக் கொடுத்த கைகளுள் முஸ்லிம் கைகளும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தில் பகலெல்லாம் தைத்த அந்த ஆண்மகன், வீட்டில் தன் சட்டைக்கு ஒரு பொத்தான் அறுந்தால் மனைவியை அழைப்பான்!

பிள்ளைகளிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். இத்ரீஸ் (அலை) அவர்களே முதன்முதல் ஊசியால் உடை தைத்தவர் என விரிவுரையாளர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மற்றொன்று ஹதீஸில் வந்த செய்தி. வீட்டில் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒருவர் வினவியபோது, தம் துணியைத் தாமே தைப்பார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று விடையளித்தார்கள். துணிச்சல்காரன் ஒன்றும் பேசவில்லை. ஊசியில் நூல் கோக்க முயன்று மூன்றுமுறை தோற்று, நான்காம் முறை வென்றான்.

தைக்கும் முறையை இங்கே எழுதுவது வாசகர்களுக்கும் பயன்படும். முதலில் துணியைத் துவைத்துக் காயவைத்து மடிப்பு நீங்கத் தேய்த்துக்கொள்ளுங்கள். புதுத் துணியானால் ஓரிரவு நீரில் ஊற வைப்பது கட்டாயம். பின்னால் சுருங்கித் தையல் இழுக்காமல் இருக்கும். கைலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த நடுப்பகுதியைத் தவிர்த்து, வலுவுள்ள ஓரப்பகுதியிலிருந்து 13 அங்குல அகலமும் 32 அங்குல நீளமும் உள்ள துண்டை வெட்டுங்கள். பாவு நூல் நீளவாக்கில் அமைய வேண்டும். தறியில் இழுவிசையைத் தாங்கி நின்றது பாவுதான். பையின் சுமையைத் தாங்கவும் அதற்கே வலு மிகுதி.

துண்டை நல்ல புறம் உள்ளே இருக்கும்படி நீளத்தில் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு பையின் அடியாகும். அங்கே தையலே இல்லை. இரு பக்கங்களிலும் ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கித் தைத்து வாருங்கள். வாய் விளிம்புக்கு 3 அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, அந்த இடத்தில் நாலைந்து முறை ஊசியை முன்னும் பின்னும் ஓட்டி உறுதி செய்யுங்கள். பை முதலில் பிரிவது அந்த இடத்தில்தான். கையால் தைப்பவர் பின்தையல் இட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி ஓர் அடி பின்னால் இறங்கி இரண்டடி முன்னால் எழும். வெறும் ஓட்டுத் தையல் விரைவில் முடியும். ஆனால் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். பின்தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது விட்டுக்கொடுக்காது.

தைக்காமல் விட்ட 3 அங்குலப் பிளவின் ஓரங்களை இருபுறமும் உள்ளே மடக்கித் தைத்துவிடுங்கள். பிறகு வாய் விளிம்பை முதலில் அரை அங்குலமும், மறுபடி ஒன்றேகால் அங்குலமும் உட்புறமாக மடித்து, மடிப்பின் கீழோரத்தில் தைத்தால், முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக நாடா ஓடும் இரண்டு வழிகள் கிடைக்கும். பையை நல்ல புறமாகத் திருப்புங்கள். 32 அங்குல நீளத்தில் இரண்டு நாடாக்கள் வேண்டும். முதல் நாடாவின் நுனியில் ஓர் ஊக்கைக் குத்தி, வலப்பக்கப் பிளவில் நுழைத்து, முன்புற வழியாகச் சென்று, இடப்பக்கத்தில் நில்லாமல் பின்புற வழியில் புகுந்து, புறப்பட்ட வலப்பக்கத்துக்கே கொண்டுவந்து இரு முனைகளையும் முடிந்துவிடுங்கள். இரண்டாம் நாடா இடப்பக்கம் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இடப்பக்கமே திரும்ப வேண்டும். இரண்டு முடிச்சுகளையும் இரு கைகளால் இருபுறமும் இழுத்தால் வாய் பூவின் மொட்டுப்போல் கூம்பும். வாயை இரு கைகளால் விரித்தால் மலர்ந்துவிடும். ஒற்றை நாடாவால் ஆன பை ஒரு பக்கமாகவே இழுபடும். இரட்டை நாடா சமமாக இழுக்கும். பை சுமார் 12 அங்குல அகலமும் 14 அங்குல உயரமும் இருக்கும். முதல் முறை கையால் தைப்பவருக்கு ஒரு முற்பகல் பிடிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை முடிவில் இருபத்திரண்டு பைகள் எழுந்தன. ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. கட்டம் போட்ட கைலி, பூப்போட்ட பாவாடை, சாயம் வெளுத்த சுங்குடி. ஒரு பிள்ளை தன் காலஞ்சென்ற பாட்டனாரின் சட்டையைக் கொண்டுவந்திருந்தான். சட்டைப் பையை வெட்டியெறியாமல் அப்படியே விட்டுத் தைத்ததால் அவன் பைக்கு வெளியிலும் ஒரு சிறு பை அமைந்துவிட்டது. அதன் பின்னர் பை மாறிய வழக்கு என்னிடம் வந்ததே இல்லை.

இதற்கு ஃபிக்ஹு நூலில் சான்று இருப்பதை நான் பாடம் சொல்லும்போது பன்முறை படித்திருக்கிறேன். கண்டெடுத்த பொருளைப் பற்றிய சட்டத்துக்கு ‘லுகதா’ என்று பெயர். வழியில் கிடந்த பொருளை எடுத்தவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் வினவியபோது, அது இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்கு தெரிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அந்தப் பையை ‘இஃபாஸ்’ என்றும் கயிற்றை ‘விகா’ என்றும் ஹதீஸ் குறிக்கிறது. உபை பின் கஅப் (ரலி) அவர்கள் நூறு தீனார்கள் கொண்ட ஒரு ‘சுர்ரா’வைக் கண்டெடுத்த செய்தியும் புகாரியில் உண்டு. அதிலும் எண்ணிக்கை, பை, கயிறு ஆகிய மூன்றையும் நினைவில் இருத்தும்படியே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பொன்னை விட்டுக் கயிற்றைப் பார்க்கச் சொன்னது ஏன்? தீனார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நூறு தீனார்களைப் பார்த்து எவரும் என்னுடையவை என்று சொல்லிவிடலாம். கயிற்றைச் சொல்ல அதைக் கட்டியவனால் மட்டுமே முடியும்.

இந்தப் பாடத்தை எனக்கு நடத்திக் காட்டியவர் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எங்கள் மக்தபின் துணிச்சல்காரனுடைய தாயார் கணவரை இழந்தவர். வீட்டிலிருந்தபடியே நைட்டி, பாவாடை தைத்துக் கொடுத்துக் கூலி பெறுபவர். ஒருநாள் அவர் கூலியாகக் கிடைத்த 1,800 ரூபாயை மகனிடம் கொடுத்து, வீட்டு வாடகையைச் செலுத்திவிட்டு மக்தபுக்குப் போகும்படி அனுப்பினார். பையன் நண்பர்களோடு அந்தக் கடைப் பலகையில் அமர்ந்துவிட்டுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். மக்தபுக்கு வந்த பிறகே கை வெறுமையாக இருப்பதை உணர்ந்தான். அழுகையினூடே விவரத்தைச் சொன்னான். நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பையனின் தாயாரும் செய்தியறிந்து வந்துவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானை நுனியைக் கையில் பற்றியபடி நின்றார். அந்த மாதத்துக்கு அவரிடம் வேறு பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பெரியவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பையனிடம் கேட்டார். “தம்பி, பை என்ன துணி?”

“பச்சைக் கட்டம் போட்ட கைலி, தாத்தா.”

“நாடா?”

“ரெண்டு நாடா. ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. வெள்ளை நாடா பத்தலைன்னு ஒட்டுப் போட்டு முடிஞ்சிருக்கேன்.”

பெரியவர் அடுப்புக்குப் பின்னாலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தார். “எண்ணிப் பாத்துக்கங்கம்மா” என்றார் தாயாரிடம். பிறகு என்னைப் பார்த்து, “ஒரு ஆளு வந்து என் பைதான்னு சொன்னான், ஐயா. நாடா என்ன நெறம்னு கேட்டேன், செல்லை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டே போயிட்டான்” என்று சிரித்தார். தேநீருக்குக் காசு கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

அந்தப் பெரியவர் அரபு அறியார். புகாரியின் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார். நெற்றியில் திருநீறு துலங்க நின்ற அவர் கேட்ட இரண்டே கேள்விகள் ‘இஃபாஸ்’, ‘விகா’ என்பவை. அறத்துக்கு மொழி வேறுபாடு இல்லை என்பதை நான் மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன், அன்று கேட்டேன். கடையில் வாங்கிய பையாக அது இருந்திருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்? பையன் என்ன விடை சொல்லியிருப்பான்? ஆயிரம் பைகளுள் ஒன்று. வந்தவன் சொல்லும் நிறமும் பையன் சொல்லும் நிறமும் ஒன்றாகவே இருந்திருக்கும். தைத்தவன் விரல் பட்ட இடம் பையில் இருந்ததனால் உரியவரிடம் பணம் சேர்ந்தது. நாடா போதாமல் போட்ட ஒட்டு அன்று ஒரு குடும்பத்தின் வாடகையைக் காத்தது.

பிறர் பொருளைப் பற்றிய பாடம் இது. தன் பொருளைப் பற்றி அதே கயிறு வேறொரு பாடம் சொல்கிறது. அது அஸ்மா (ரலி) அவர்களின் வாழ்வில் இருமுறை வருகிறது. கி.பி. 622-ஆம் ஆண்டு பெருமானார் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, வழிக்கான உணவை ஒரு தோற்பையில் வைத்தார்கள். வாயைக் கட்டக் கயிறு இல்லை. அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து, ஒரு துண்டால் பையின் வாயைக் கட்டினார்கள். அதனால் கச்சை உடையவர் என்னும் சிறப்புப் பெயர் அவர்களுக்கு நிலைத்தது. பிற்காலத்தில், தம்மிடம் இருப்பதிலிருந்து தருமம் செய்வதைப் பற்றி அவர்கள் கேட்டபோது, பையின் வாயைக் கட்டி வைக்காதே, கட்டினால் இறைவனும் உனக்குக் கட்டிவிடுவான் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஒரு பையின் வாயைக் கட்டித் தந்ததற்காகப் போற்றப்பட்ட அதே பெண்மணியிடம், இன்னொரு பையின் வாயைக் கட்டாதே என்று சொல்லப்பட்டது. முன்னது பிறருக்காகச் செய்த கட்டு. பின்னது தன் பொருளுக்குப் போடும் கட்டு.

அம்மாவின் பையில் நான் கண்ட ஒழுங்கு இதுவே. அவருக்கு இந்த ஹதீஸ்களை எவரும் பாடம் சொல்லவில்லை. கேட்டறிந்த சில பயான்களும், கைக்குள் வளர்ந்த ஒரு நேர்மையும் சேர்ந்து, பிறர் பணத்துக்கு முடிச்சையும் தம் பணத்துக்குச் சுருக்கையும் அவர் விரல்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தன. நாமோ பல வேளைகளில் இதை மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். நம் பணத்துக்கு ஏழு முடிச்சு. நம்மை நம்பி ஒப்படைத்தவர் பணத்துக்கு ஒரு சுருக்கு, அதுவும் தளர்ந்தது. பங்காளிகள் சேர்ந்து நடத்தும் வணிகமாகட்டும், சீட்டுப் பணமாகட்டும், பொதுக் காரியத்துக்கு வசூலித்த நிதியாகட்டும், வழக்குகள் பிறப்பது இந்த மாற்றத்தில்தான்.

இப்போது மக்தபில் ஆண்டுக்கொரு முறை ஒரு வெள்ளிக்கிழமை பை தைக்கும் நாளாகிவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பழைய பிள்ளைகளே கற்றுத் தருகிறார்கள். துணிச்சல்காரன் இப்போது எட்டாம் வகுப்பு. தாயாரின் தையல் இயந்திரத்தில் பாபின் சுற்றிக் கொடுக்கிறான். காஜா எடுக்கவும் பழகிவிட்டான். சென்ற முறை சிறுவன் ஒருவன் தைப்பது பெண்களின் வேலை அல்லவா என்று தொடங்கியபோது, நான் வாய் திறப்பதற்கு முன்பே விடை அவனிடமிருந்து வந்துவிட்டது.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கைலி ஒன்று இல்லாமற் போகாது. ஒரு முற்பகலை ஒதுக்கி, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு பை தைத்துப் பாருங்கள். தைத்ததை ஆணியில் மாட்டி அழகு பார்க்காதீர்கள். காய்கறிக் கடைக்கும் மக்தபுக்கும் கொண்டு செல்லுங்கள். 131 முறை என்ற கணக்கு புதுப் பைக்குரியது. பழைய துணியில் தைத்தவர்களுக்கு அது கடனில்லை, ஆனாலும் கடந்து போங்கள். அடிப்பகுதி நைந்துவிட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டுச் சிறிய பையாகத் தைத்துக்கொள்ளலாம். அதுவும் நைந்தால் அடுப்படியில் கைப்பிடித் துணியாகும். நாடாவை மட்டும் உருவிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பைக்கு ஆகும்.